டெவலப்பர் திரும்பி வந்து கேட்காதபடி ஒரு பிஆர்டி எழுத

சென்னையில் பல டீம்களில் பிஆர்டி (ஒரு ப்ராடக்ட் என்ன செய்ய வேண்டும் என்று டெவலப்பருக்குச் சொல்லும் தேவை ஆவணம்) ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது, அதைப் பற்றிய சண்டை தமிழில் நடக்கிறது. சண்டையும் பெரும்பாலும் ஒரே சண்டைதான். "டாகுமென்ட்ல அப்படி எங்கயுமே சொல்லலையே" என்பார் டெவலப்பர். "இதெல்லாம் சொல்லித்தான் தெரியணுமா?" என்பார் ப்ராடக்ட் மேனேஜர். ஆமாம், சொல்லித்தான் தெரிய வேண்டும். அதற்காகத்தான் அந்த ஆவணமே.

யாருக்காகச் செய்கிறோம், என்ன நடக்க வேண்டும், நடந்தது சரி என்று எதை வைத்துச் சொல்வோம் என்ற மூன்றையும் பிஆர்டி சொன்னால் போதும். எந்த டேட்டாபேஸ், எத்தனை டேபிள், எந்த லைப்ரரி என்பதெல்லாம் டெவலப்பர் முடிவு செய்ய வேண்டியவை. எல்லாம் ஒழுங்காகப் போனால் என்ன நடக்கும் என்பதை அரைப்பக்கத்தில் எழுதிவிடலாம். ஒழுங்காகப் போகாதபோது என்ன செய்வது என்பதற்குத்தான் மீதிப் பக்கங்கள் வேண்டும். அனுபவம் குறைந்தவர்கள் இந்த அளவைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்: ஆறு பக்கம் தொலைநோக்கு, அரைப்பக்கம் விதி.

ஆவணம் போதுமானதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. டெஸ்டர் ஒருவரிடம் கொடுங்கள். யாரையும் கூப்பிடாமல், அதை மட்டும் வைத்துக்கொண்டு அவரால் டெஸ்ட் கேஸ் (எதைச் செய்து பார்த்தால் என்ன வர வேண்டும் என்ற பட்டியல்) எழுத முடிகிறதா? அவர் எங்கே நின்றாரோ அங்கே டெவலப்பரும் நிற்பார். ஒரு வித்தியாசம் உண்டு. அவசரத்தில் இருக்கும் டெவலப்பர் கேட்க மாட்டார், தானே ஒன்றை முடிவு செய்துகொண்டு போய்விடுவார்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வேளச்சேரி, பெருங்குடி பக்கம் 20 லிட்டர் வாட்டர் கேன் போடும் ஒரு கற்பனை விநியோகஸ்தர். ஆர்டர் வாங்க ஆப் இருக்கிறது. யார் வீட்டில் எத்தனை கேன் நிற்கிறது என்ற கணக்கு மட்டும் இன்னும் நோட்டில் ஓடுகிறது. கேன் ஒன்றுக்கு டெபாசிட் ரூ.150. இந்தக் கணக்கை ஆப்புக்குள் கொண்டுவர வேண்டும். கேட்டால் ஒரு வாரத்து வேலை போலத் தெரியும்.

எழுத உட்காரும் முன்

முதலில் அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள். இரண்டு மாதத்துப் பக்கங்களைப் புரட்டினால், எந்தக் கூட்டத்திலும் யாரும் சொல்லாத விதிகள் அதில் கிடக்கும். ஒரு பெயருக்குப் பக்கத்தில் "2 வேற கம்பெனி" என்று இருக்கும்: வாடிக்கையாளர் வேறு கடைக் கேனைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். இன்னொன்றில் "விரிசல்" என்று இருக்கும். "மாடி வீட்டுக்காரர் கணக்குல" என்று ஒரு வரி இருக்கும்: கீழ்வீட்டில் கொடுத்த கேனை மேல்வீட்டில் வாங்கியிருக்கிறார்கள். அடித்துத் திருத்திய இடங்களைக் கட்டாயம் பாருங்கள். திருத்தம் இருக்கும் இடத்தில்தான் தகராறு நடந்திருக்கும், அங்கே ஒரு விதி எழுத வேண்டியிருக்கும்.

அடுத்து, டெலிவரி வண்டியோடு ஒரு காலை நேரம் போய்வாருங்கள். கேன் தூக்குபவரின் கை ஈரமாக இருக்கும், போன் சட்டைப்பையில் இருக்கும், வாடிக்கையாளர் கதவைச் சாத்தக் காத்திருப்பார். அந்த இடத்தில் ஐந்து பட்டன் அமுக்கச் சொல்லும் திரை செத்த திரை. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் சிக்னல் நிற்கிறதா, அவர் வைத்திருக்கும் போன் என்ன மாடல், திரையில் தமிழ் தெரிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல எண்களுக்கு இதுதான் ஆதாரம்.

மூன்றாவதாக, கஸ்டமர் சப்போர்ட்டில் வந்த புகார்களை வகை பிரியுங்கள். "கேன் கணக்கு தப்பு" என்பது ஒரே புகார் போலத் தோன்றும். பிரித்துப் பார்த்தால், டெபாசிட் இரண்டு முறை எடுத்தது, திருப்பிக் கொடுத்தது பதிவாகாதது, வீடு மாறும்போது பணம் திரும்பாதது என மூன்று தனிப் பிரச்சினைகள். மூன்றுக்கும் தீர்வு வேறுவேறு.

பிரச்சினையை எழுதுவது

முதல் பத்தியில் தீர்வு வரக் கூடாது. "வாடிக்கையாளருக்கு கேன் வாலட் வசதி தேவை" என்பது பிரச்சினை இல்லை, உங்கள் யோசனை. பிரச்சினை இப்படி இருக்கும்: "காலி கேன் கணக்கு டெலிவரி ஊழியரின் நோட்டில் மட்டும் உள்ளது. ஊழியர் விடுப்பில் போனால் மாற்று ஆளுக்கு அந்த வீட்டுக் கணக்கு தெரியாது. வாடிக்கையாளரும் தன் கணக்கைப் பார்க்க முடியாது. டெபாசிட் திருப்பும்போது இரு தரப்பும் வேறு எண் சொல்கிறார்கள்; பெரும்பாலும் விநியோகஸ்தரே விட்டுக்கொடுக்கிறார்." இதைப் படிக்கும் டெவலப்பர் உங்களுக்குத் தோன்றாத எளிய வழி ஒன்றைச் சொல்லக்கூடும்.

எண் தெரிந்தால் போடுங்கள், தெரியாவிட்டால் ஊகித்துப் போடாதீர்கள். "மாதத்துக்கு ___ தகராறு (சப்போர்ட் டீமிடமிருந்து வெள்ளிக்கிழமைக்குள்)" என்று காலியாக விடுவது நேர்மையானது. ஊகமாகப் போட்ட எண் மூன்றாவது மீட்டிங்கில் உண்மையாகிவிடும், யார் சொன்னது என்று பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

வெற்றியை அளக்க ஒரு முதன்மை அளவு போதும்: கேன் கணக்குப் புகார்கள் மாதத்துக்கு எத்தனை. கூடவே, கெட்டுப்போகக் கூடாத ஒன்றையும் எழுதுங்கள்: ஒரு வீட்டில் டெலிவரிக்கு ஆகும் நேரம் கூடக் கூடாது. இந்த இரண்டாவது அளவு இல்லாவிட்டால், புகாரைக் குறைக்கிறோம் என்று ஊழியரை மூன்று போட்டோ எடுக்கச் சொல்லும் வடிவமைப்பு வந்து நிற்கும்.

எதைச் செய்யப் போவதில்லை

இந்தப் பகுதி சின்னது. ஆனால் எஸ்டிமேட்டை (வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்ற கணிப்பை) இதுதான் காப்பாற்றும். "கேனில் க்யூஆர் ஒட்டித் தனித்தனியாகக் கண்காணிப்பது இந்த ரிலீஸில் இல்லை. வேறு கடைக் கேனை மாற்றிக்கொள்வது இல்லை. ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு முகவரி இருந்தால் கணக்கு முகவரிவாரியாக. முகவரிகளுக்கிடையே மாற்றம் இல்லை." ஒவ்வொன்றுக்கும் ஏன் இல்லை என்று அரை வரி சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்பிரின்ட் (டீமின் ஒரு வேலைச் சுற்று) நடுவில் யாரோ ஒருவர் "அதுவும் சேர்த்துடலாமே, சின்ன வேலைதானே" என்பார். "பார்த்துக்கலாம்" என்ற சொல் ஆவணத்தில் எங்குமே இருக்கக் கூடாது. பார்த்துக்கொள்ளப் போவது யார், எப்போது என்று எழுத முடிந்தால் எழுதுங்கள், முடியாவிட்டால் இல்லை என்று எழுதுங்கள்.

விதிகளை எழுதுவது

ஒவ்வொரு விதிக்கும் ஓர் எண். ஒரு விதியில் ஒரே ஒரு செய்தி. "மற்றும்" வந்தால் பெரும்பாலும் அது இரண்டு விதி. ஒரு விதியை நீக்கினால் அதன் எண்ணை வேறு விதிக்குக் கொடுக்காதீர்கள், "நீக்கப்பட்டது" என்று எழுதி அப்படியே விடுங்கள். ஜிராவிலும் (வேலைகளை டிக்கெட்டாகப் பதியும் கருவி) டெஸ்ட் கேஸிலும் அந்த எண் ஏற்கெனவே போய் உட்கார்ந்திருக்கும்.

கட்டாயம் எது, இருந்தால் நல்லது எது என்பதைச் சொல்லிலேயே பிரித்துக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் எழுதுவோர் 1997-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 2119 என்ற இணையத் தர ஆவணம் வகுத்தபடி மஸ்ட் (கட்டாயம்), ஷுட் (செய்வது நல்லது), மே (விருப்பம்) என்ற மூன்றையும் மூன்று வேறு வலுவோடு பயன்படுத்துகிறார்கள். அதை முதல் பக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டு, கடைசிவரை மாறாமல் நடந்தால் போதும். எல்லாமே மஸ்ட் என்றால், நேரம் பற்றாதபோது எதை விடுவது என்று டெவலப்பரே தேர்ந்தெடுப்பார்.

இப்போது ஒரு விதியைக் கிட்டத்தில் பார்க்கலாம். பல ஆவணங்களில் இப்படி இருக்கும்:

"டெலிவரி ஊழியர் காலி கேன்களை எளிதாகப் பதிவு செய்ய முடிய வேண்டும்."

எளிதாக என்றால்? எப்போது பதிவு செய்வார்? மறந்துவிட்டால்? கணக்கில் இருப்பதைவிட அதிகம் வாங்கினால்? வாங்கியது விரிசல் கேன் என்றால்? இதற்கு மேல் இன்னொன்று. வாடிக்கையாளர் ஆர்டரின்போதே யுபிஐயில் பணம் கட்டிவிட்டார். 2 கேன் ஆர்டர், 2 காலி கேன் தருவதாகச் சொன்னார். வாசலில் ஒன்றுதான் தந்தார். அந்த ஒரு கேனுக்கான டெபாசிட்டை யார், எப்போது, எப்படி வசூலிப்பது? இந்தக் கேள்விக்கு வியாபாரத் தரப்பு பதில் சொல்லாமல் ஒரு வரி புரோகிராம் கோடு கூட எழுத முடியாது. அந்தப் பதிலை வாங்கிவருவதுதான் பிஆர்டி எழுதுபவரின் வேலை. பதில் வந்த பிறகு விதிகள் இப்படி ஆகும் ("தே" என்பது தேவை):

தே-12: ஊழியர் ஆர்டரை "டெலிவரி ஆனது" என்று மாற்றும் முன், வாங்கிய காலி கேன் எண்ணிக்கையை உள்ளிட வேண்டும். 0 செல்லும். காலியாக விட்டால் அடுத்த திரைக்குப் போகக் கூடாது.

தே-13: உள்ளிடும் பெட்டியில், வாடிக்கையாளர் தருவதாகச் சொன்ன எண்ணிக்கை முன்கூட்டியே இருக்க வேண்டும். கூட்டவும் குறைக்கவும் பெரிய + − பட்டன்கள். கீபோர்டு திறக்கக் கூடாது.

தே-14: முகவரியின் கணக்கில் உள்ளதைவிட (இந்த டெலிவரி நீங்கலாக) அதிக எண்ணிக்கையை ஏற்கக் கூடாது. "கணக்கில் இருப்பது 4 கேன்" என்று உண்மையான எண்ணோடு செய்தி காட்ட வேண்டும்.

தே-15: விரிசல் கேன், வேறு கடைக் கேன் ஆகியவை எண்ணிக்கையில் சேராது. ஊழியர் அவற்றை வாங்கக் கூடாது.

தே-16: தருவதாகச் சொன்னதைவிடக் குறைவாகத் தந்தால், குறையும் கேன் ஒன்றுக்கு ரூ.150 அந்த முகவரியின் நிலுவையில் சேர வேண்டும். வாசலில் ரொக்கம் வாங்கக் கூடாது.

தே-17: நிலுவை ரூ.300-க்கு மேல் போனால், அதைக் கட்டும்வரை புது ஆர்டர் எடுக்கக் கூடாது. ரூ.300 வரை ஆர்டர் எடுக்கலாம்.

கடைசி விதியில் இரண்டாவது வாக்கியம் தேவையற்றதாகத் தோன்றும். அப்படி இல்லை. சரியாக ரூ.300 இருந்தால் ஆர்டர் போகுமா போகாதா என்பதுதான் டெஸ்டர் கேட்கும் முதல் கேள்வி. எல்லை எண் வரும் இடங்களில் எல்லாம், அந்த எண் எந்தப் பக்கம் சேரும் என்று எழுதிவிடுங்கள்.

விதிக்குக் கீழே சரிபார்ப்பு உதாரணம் ஒன்று, எண்களோடு. இந்த நிலையில், இதைச் செய்தால், இது நடக்க வேண்டும் என்ற மூன்று படி போதும். "முகவரியின் கணக்கில் 2 கேன், நிலுவை ரூ.0. இரண்டு கேன் ஆர்டர். 2 காலி தருவதாகத் தேர்வு. ஊழியர் 1 என்று பதிவு செய்கிறார். முடிவு: கணக்கில் 3 கேன், நிலுவை ரூ.150, வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ்." இரண்டோடு இரண்டைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் மூன்று என்று எல்லோருக்கும் தெரியும்தான். ஆனாலும் இந்த உதாரணத்தை எழுதும்போதுதான் பழைய 2 கேனுக்கு டெபாசிட் கட்டியாகிவிட்டதா என்ற கேள்வியே எழும். விதியில் ஒளிந்திருக்கும் ஓட்டை உதாரணத்தில் வெளியே வந்துவிடும்.

ஒழுங்காகப் போகாதபோது

பணத்திலிருந்து தொடங்குங்கள். யுபிஐ பேமென்ட்டுக்கு வெற்றி, தோல்வி என்ற இரண்டு நிலைகள் மட்டும் இல்லை. "இன்னும் தெரியவில்லை" என்ற மூன்றாவது நிலை உண்டு. வாடிக்கையாளரின் கணக்கில் பணம் கழிந்திருக்கும், நம் பக்கம் உறுதி வந்திருக்காது. இந்த இடைவெளியில் திரையில் என்ன காட்டுவது, எத்தனை நிமிடம் காத்திருப்பது, மறுபடி கட்ட விடுவதா என்று எழுதாவிட்டால் இரட்டைப் பேமென்ட் நிச்சயம். நான்கு வரிகள் தேவை. உறுதி வராமல் 10 நிமிடம் போனால் ஆர்டர் ரத்து. ரத்தான பிறகு வெற்றித் தகவல் வந்தால் ஆர்டரை உயிர்ப்பிக்கக் கூடாது, பணத்தைத் திருப்ப வேண்டும். ஒரே பேமென்ட்டின் தகவல் இரண்டு முறை வந்தாலும் ஒரு முறைதான் கணக்கில் ஏற வேண்டும். பேமென்ட் கேட்வேகள் (பணம் வாங்கித் தரும் இடைத் தளங்கள்) வெப்ஹூக்கை, அதாவது தானாக வரும் இந்தத் தகவலை, திரும்ப அனுப்புவது வழக்கம், அது பிழை அல்ல. நான்காவது, வாடிக்கையாளர் பேமென்ட் நடுவில் ஆப்பை மூடிவிட்டுத் திரும்பி வந்தால் பழைய ஆர்டரின் நிலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காலியான கார்ட்டை அல்ல. பத்து நிமிடம் என்பது இங்கே உதாரணம்தான். உங்கள் எண்ணை உங்கள் கேட்வேயின் நடைமுறையைப் பார்த்து வையுங்கள்.

இதை வாக்கியங்களாக எழுதுவதைவிட அட்டவணையாகப் போடுவது நல்லது. இடது பக்கம் ஆர்டரின் நிலைகள், மேலே நடக்கக்கூடிய நிகழ்வுகள். ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த நிலை என்ன என்று எழுதுங்கள். நடக்கவே முடியாத கட்டத்தில் "முடியாது" என்று எழுதுங்கள். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. காலிக் கட்டம் ஒவ்வொன்றும் ரிலீஸுக்குப் பிறகு இரவு பதினொரு மணிக்கு வரப்போகும் ஒரு போன்.

அடுத்து நேரம். சர்வர்கள் பெரும்பாலும் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடும். இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். 10-ஆம் தேதி காலை 5 மணிக்கு நடந்த டெலிவரி யுடிசியில் 9-ஆம் தேதி இரவு 11.30. நள்ளிரவு முதல் காலை 5.30 வரை நடப்பதெல்லாம் முந்தைய நாள் ரிப்போர்ட்டில் விழும். கேன் வண்டி விடியற்காலையில் கிளம்புகிற தொழிலில் இது சின்ன விஷயம் இல்லை. "'நாள்' என்று இந்த ஆவணத்தில் வரும் இடமெல்லாம் இந்திய நேரப்படி நள்ளிரவு 12 முதல் அடுத்த நள்ளிரவு 12 வரை" என்று ஒரே ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

முகவரி சென்னைக்கே உரிய தலைவலி. பழைய எண், புதிய எண் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு எண் உண்டு. அதே தெருவில் ஒருவரின் புதிய எண் இன்னொருவரின் பழைய எண்ணாக இருக்கும். ஒற்றைப் பெட்டியில் "கதவு எண்" என்று கேட்டால் கேன் வேறு வீட்டு வாசலில் இறங்கும், கேன் கணக்கும் அங்கேயே போகும். இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி, ஏதாவது ஒன்று கட்டாயம் என்று எழுதுங்கள். எந்த மாடி, லிஃப்ட் உண்டா என்பதும் கேட்க வேண்டியவை, 20 கிலோவைத் தூக்கிக்கொண்டு ஏறுவது ஒரு மனிதர். பின்கோடு வைத்து மட்டும் சேவைப் பகுதியைத் தீர்மானிக்காதீர்கள். வேளச்சேரியின் 600042-இல் அடங்கும் எல்லா இடத்துக்கும் ஒரே வண்டி போகாது.

எஸ்எம்எஸ் விஷயத்தில் ரிலீஸ் தேதி தவறுவது சகஜம். இந்தியாவில் நிறுவனம் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸுக்கு டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் நிறுவனத்தையும், அனுப்புநர் பெயரையும், செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவான வாசகத்தோடு பொருந்தாத செய்தியைத் தொலைபேசி நிறுவனங்கள் தடுத்துவிடும். ஆகவே, "வாசகம் பிறகு" என்று விட முடியாது. ஆவணத்தில் இறுதி வாசகம் இருக்க வேண்டும், ஒப்புதலுக்கான நாள்களும் திட்டத்தில் இருக்க வேண்டும். கடைசி நாளில் ஒரு கமாவை மாற்றினாலும் செய்தி போகாமல் நின்றுவிடக்கூடும்.

அதே எஸ்எம்எஸ் தமிழில் என்றால் செலவும் பாருங்கள். ஆங்கிலச் செய்தி ஒன்றில் 160 எழுத்து கொள்ளும். தமிழ் யூனிகோடில் போவதால் 70 தான். அதற்கு மேல் போனால் துண்டு ஒன்றுக்கு 67. அதுவும் கணினி எண்ணும் எண்ணிக்கை. "வாட்டர்" என்பது கண்ணுக்கு 4 எழுத்து, கணினிக்கு 7, புள்ளியையும் துணைக்காலையும் தனியாக எண்ணும். இதே காரணத்தால், பெயர்ப் பெட்டிக்கு "20 எழுத்து வரம்பு" என்று எழுதினால் தமிழில் பெயர் எழுதுபவருக்கு நடுவில் அறுந்துவிடும். வரம்பை யூனிகோடு குறியீட்டில் எண்ணுவதா, கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் எண்ணுவதா என்று சொல்லுங்கள். பட்டன்களுக்கும் தமிழ் வாசகத்தை ஆவணத்திலேயே கொடுங்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்காக வரைந்த பட்டனில் "டெலிவரியை உறுதிசெய்" அடங்காது.

வரி விகிதத்தை விதியில் எண்ணாகப் புதைக்காதீர்கள். 20 லிட்டர் கேன் தண்ணீருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. கோடில் 12 என்று எழுதி வைத்திருந்தால் அதற்காகவே ஒரு ரிலீஸ் போட வேண்டியிருந்திருக்கும். "வரி விகிதம் அமலாகும் தேதியோடு செட்டிங்கில் இருக்க வேண்டும். பழைய பில்லை மறுபடி எடுத்தால் பழைய விகிதமே வர வேண்டும்" என்று எழுதுங்கள். இரண்டாவது வாக்கியம்தான் அதிகம் மறக்கப்படுகிறது. பணத்தைப் பைசாவில் முழு எண்ணாகக் கணக்கிட வேண்டும், ரவுண்டிங் எந்த இடத்தில் என்பதையும் இங்கேயே சேர்த்துவிடலாம்.

சிக்னல் இல்லாத பேஸ்மென்ட்டில் ஊழியர் பதிவு செய்தால்? போனிலேயே வைத்திருந்து சிக்னல் வந்ததும் அனுப்ப வேண்டும், நேரம் பதிவு செய்த நேரமாகவே இருக்க வேண்டும். அதற்குள் சப்போர்ட் டீம் அந்த ஆர்டரை ரத்து செய்திருந்தால் எது நிற்கும்? எங்கள் யோசனை, டெலிவரி நிற்கட்டும். கேன் உண்மையில் இறங்கிவிட்டது. நீங்கள் வேறு மாதிரி முடிவெடுக்கலாம், ஆனால் ஏதோ ஒன்றை எழுதுங்கள்.

மழை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் நின்றதைப் பார்த்த ஊரில், பகுதிவாரியாக ஆர்டரை நிறுத்தும் ஸ்விட்ச் இல்லாத டெலிவரி ஆப் எழுதக் கூடாது. டெவலப்பரை எழுப்பாமல், ஆபரேஷன்ஸ் ஆளே அட்மின் திரையில் நிறுத்த முடிய வேண்டும். ஏற்கெனவே எடுத்த ஆர்டர்களுக்குப் பணம் திரும்புமா, தேதி தள்ளுமா என்பதும் விதியாக வேண்டும்.

வேகம், தனியுரிமை, படங்கள்

"ஆப் வேகமாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் யாரும் மறுக்க மாட்டார்கள், யாரும் செய்யவும் மாட்டார்கள். "3 ஜிபி ராம் ஆண்ட்ராய்டு போனில், 4ஜியில், கேன் கணக்குத் திரை 100-க்கு 95 முறை 2 விநாடிக்குள் திறக்க வேண்டும்" என்றால் அளக்கலாம். போன் மாடலை வண்டியோடு போன காலையில் குறித்தீர்களே, அதிலிருந்து எடுங்கள், டீமில் இருக்கும் ஐபோனிலிருந்து அல்ல.

போன் எண்ணும் வீட்டு முகவரியும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 சொல்லும் தனிநபர் தரவுகள். யார் பார்க்கலாம், எவ்வளவு நாள் வைத்திருப்போம், வாடிக்கையாளர் கணக்கை நீக்கச் சொன்னால் எது அழியும், பில் எவ்வளவு காலம் நிற்கும் என நான்கு வரி எழுதி, சட்டம் பார்ப்பவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். டெலிவரி முடிந்ததும் ஊழியரின் திரையில் வாடிக்கையாளர் எண் மறைய வேண்டும் என்பது தனி விதியாகவே இருக்கட்டும்.

ஃபிக்மா (திரைகளை வரையும் கருவி) இணைப்பைப் போட்டால் எந்தப் பதிப்பு என்றும் போடுங்கள். படமும் விதியும் முரண்பட்டால் எது செல்லும்? விதிதான் செல்லும் என்று முதல் பக்கத்தில் எழுதிவிடுவது நல்லது. டிசைனர்கள் படத்தில் மாதிரிக்குப் போடும் "ரூ.200" அப்படியே கோடுக்குள் போய்விடுவது அடிக்கடி நடப்பது.

ஏஐ கருவியில் எழுத வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அடுக்கித் தரும், எழுத்துப் பிழை பார்க்கும், விடுபட்ட கட்டங்களைக்கூடக் கேட்டால் சொல்லும். நோட்டில் இருக்கும் "மாடி வீட்டுக்காரர் கணக்குல" என்ற வரி அதற்குத் தெரியாது.

டீமிடம் கொண்டுபோவது

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே அனுப்புங்கள். இருந்தாலும் பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள், அதனால் முதல் 15 நிமிடம் எல்லோரும் அங்கேயே அமைதியாகப் படிக்கட்டும். திரையில் போட்டு வரிவரியாக நீங்கள் வாசிக்காதீர்கள், உங்கள் குரல் ஆவணத்தின் ஓட்டைகளை அடைத்துவிடும். முதலில் டெஸ்டரைப் பேசச் சொல்லுங்கள், பிறகு பேக்எண்ட் (சர்வர் பக்க) டெவலப்பர், கடைசியில் மேனேஜர். இந்த வரிசையை மாற்றினால் டெஸ்டர் வாயே திறக்க மாட்டார். எஸ்டிமேட் அன்றைக்கே கேட்கக் கூடாது. கேள்விகள் தீர்ந்த பிறகுதான்.

பதில் தெரியாத கேள்விகளை ஒளிக்காமல் "திறந்த கேள்விகள்" என்று தனியாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி, அதுவரை டெவலப்பர் எதை வைத்து வேலை செய்யலாம் என்ற தற்காலிக முடிவு. "டீம்" என்று பொறுப்பாளர் பெயர் போட்டால் யாரும் இல்லை என்று அர்த்தம்.

முடிவுகள் மீட்டிங் அறையில் மட்டும் பிறப்பதில்லை. டீக்கடையில், வாட்ஸ்அப்பில், லிஃப்ட்டில் "சரி, அப்போ 300-க்கு பதிலா 450 வச்சுக்கலாம்" என்று முடிந்துவிடும். தவறில்லை. அன்று மாலைக்குள் தே-17-இல் எண் மாற வேண்டும், மாற்றப் பட்டியலில் தேதி, யார் சொன்னது, ஏன் என்று ஒரு வரி ஏற வேண்டும், ஜிரா டிக்கெட்டில் ஒரு கமென்ட் விழ வேண்டும். இந்த மூன்றில் கடைசி விட்டுப்போனால் டெவலப்பர் 300-ஐயே கட்டி முடித்துவிடுவார். டிக்கெட்டைத்தான் அவர் தினமும் திறக்கிறார், ஆவணத்தை அல்ல.

நீளம்? இந்த அளவு வேலைக்கு ஆறு முதல் பத்துப் பக்கம். இருபதைத் தாண்டினால், அநேகமாக அது இரண்டு ரிலீஸ்.

முதல் நாள் கணக்கு

கடைசியாக, எல்லோரும் மறக்கும் ஒன்று. புது வசதி ஓடத் தொடங்கும் நாளில் ஆப்பில் எல்லோருடைய கேன் கணக்கும் 0 என்று இருக்கும், வீடுகளில் கேன்கள் நிற்கும். முதல் வாடிக்கையாளர் 2 காலி கேன் கொடுப்பார், கணக்கில் இல்லை என்று தே-14 அதை மறுத்துவிடும். விதி சரியாகவே வேலை செய்கிறது. வாசலில் சண்டை நடக்கிறது.

ஆகவே, தொடக்கக் கணக்கை எப்படி ஏற்றுவது என்பதற்குத் தனி விதிகள் வேண்டும். நோட்டிலிருந்து எக்செல்லில் ஏற்றுவது யார், எந்தத் தேதி நிலவரம், அந்தத் தேதிக்கும் ரிலீஸுக்கும் இடையில் நடக்கும் டெலிவரிகளை யார் சேர்ப்பது என்று எழுதுங்கள். ஏற்றிய எண்ணை வாடிக்கையாளருக்குக் காட்டி, "சரி" அல்லது "இல்லை, என்னிடம் இத்தனை" என்று ஏழு நாளுக்குள் சொல்ல விடலாம். வித்தியாசம் ஒரு கேன் என்றால் அவர் சொல்வதை ஏற்பது, அதற்கு மேல் என்றால் ஊழியர் நேரில் எண்ணுவது, பதிலே வராவிட்டால் நோட்டுக் கணக்கு. தொடக்கக் கணக்கு உறுதியாகாத முகவரிகளுக்கு மட்டும் தே-14 எச்சரிக்கையாக இருக்கட்டும், தடையாக வேண்டாம்.

எல்லாப் பகுதிக்கும் ஒரே நாளில் திறக்காமல், முதல் இரண்டு வாரம் ஒரே வண்டியின் தடத்துக்கு மட்டும் திறங்கள். நோட்டையும் அந்த இரண்டு வாரம் தொடர்ந்து எழுதச் சொல்லுங்கள். தினமும் மாலை ஆப் கணக்கையும் நோட்டையும் ஒருவர் ஒப்பிட வேண்டும். அவர் பெயர் ஆவணத்தில் இருக்க வேண்டும். எத்தனை முகவரியில் வித்தியாசம் வந்தால் பழைய முறைக்குத் திரும்புவோம் என்ற எண்ணை ரிலீஸுக்கு முன்பே எழுதி வையுங்கள். ரிலீஸ் நாளன்று அந்த எண்ணைத் தீர்மானிக்க உட்கார்ந்தால், யாருக்கும் திரும்பிப் போக மனம் வராது.